ஆறரை மணிக்கு அரங்கில் இருங்கள்

கடையத்திலிருந்து நாலு பேர் சேர்ந்து ஒரு சர்வதேச செஸ் போட்டியைப் பார்க்கக் கிளம்பினால், வண்டிச்சத்தம் போக வேறென்ன தெரிந்திருக்க வேண்டும்? 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது ஒலிம்பியாட்டை வைத்தே சொல்லலாம். உக்ரைன் போரால் ரஷ்யா இழந்த அந்தப் போட்டியைத் தமிழ்நாடு ஏறக்குறைய நான்கு மாதத்தில் ஏற்பாடு செய்தது. பொதுப் பிரிவில் மட்டும் 188 அணிகள்.

முதலில் பயணம். கீழக்கடையத்தில் ரயிலேறித் தென்காசி போய், மாலையில் பொதிகை எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாம். சென்னை எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. விடியுமுன் செங்கல்பட்டில் இறங்கினால், திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர்தான்.

அங்கே ஆட்டம் மதியம் 3 மணிக்குத் தொடங்கியது. அப்போதே முண்டியடித்து உள்ளே போகிறவர்கள் மனப்பாடமாக வந்து விழும் தொடக்க நகர்த்தல்களைத்தான் பார்ப்பார்கள். ஒலிம்பியாட் விதிப்படி முதல் 40 நகர்த்தலுக்கு ஒருவருக்கு 90 நிமிடம். நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல். கூட்டினால் தலைக்கு 110 நிமிடம், இருவருக்கும் மூன்று மணி நாற்பது நிமிடம். அதாவது ஆறரை மணி வாக்கில்தான் கடிகாரம் கழுத்தை நெரிக்கும். கை நடுங்குவதும் ஜெயித்த ஆட்டம் கைநழுவுவதும் அப்போதுதான்.

ஆகஸ்ட் 8ஆம் தேதி அதுதான் நடந்தது. பத்தாவது சுற்றில் இந்தியாவின் இளம் அணியும் உஸ்பெகிஸ்தானும் மோதின. முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்றிருந்த குகேஷ், எதிரணியின் அப்துசத்தோரோவுக்கு எதிராக ஜெயிக்கிற நிலையில் இருந்தார். நேர நெருக்கடியில் தவறு செய்து தோற்றார். மூன்றாம் பலகையில் பிரக்ஞானந்தா வென்று 2-2 என்று சமன் செய்தார். ஒரு சுற்றில் அணிக்கு நான்கு பேர் ஆடுவார்கள். நான்கு பலகையின் புள்ளிகளைக் கூட்டித்தான் வெற்றி தோல்வி. அதனால் ஒரே பலகையில் கண்ணை வைத்திருந்தவர்கள் பாதிக் கதையைத்தான் பார்த்திருப்பார்கள். கடைசியில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு. நம் பிள்ளைகளுக்கு வெண்கலம். முதல் பலகைக்கான தனிநபர் தங்கம் குகேஷுக்கே.

இங்கே தோற்ற அணி மூட்டை கட்டுவதில்லை. ஸ்விஸ் முறையில் சமபுள்ளிக்காரர்களோடு மோதிப் பதினொரு சுற்றும் ஆடும். அதனால்தான் பாலஸ்தீன அணியின் எட்டு வயதுச் சிறுமியையும் மாமல்லபுரத்தில் பார்க்க முடிந்தது. பின்வரிசை மேசைகளைத் தவறவிடாதீர்கள். என் கணக்கில் சுவாரஸ்யம் அங்கேதான் அதிகம்.

உள்ளே பேசக் கூடாது, போனும் கூடாது. யார் முன்னே என்று சொல்லும் கணினியும் இல்லை. ஆடுகிறவர் முகத்தையும் கடிகாரத்தையும் வைத்து நாமேதான் ஊகிக்க வேண்டும். கூட்டாளிகள் தேவைப்படுவது வெளியே வந்த பிறகு. ஒருவர் யானையைக் கொடுத்தது தப்பு என்பார், மற்றவர் அதுதான் சரி என்பார்.

சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போன்ற தனிநபர் போட்டிகளுக்கும் இதே கணக்குத்தான்: கடிகார விதியை முன்னதாகவே பார்த்து, நெருக்கடி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது மாமல்லபுரத்திலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பினால், ஒன்பதுக்கு மேல் செங்கல்பட்டு வரும் பொதிகையைப் பிடித்துவிடலாம். லாட்ஜ் செலவு மிச்சம். காந்தக் காய் வைத்த சின்னப் பலகை ஒன்று பையில் இருக்கட்டும். மேல் பெர்த்துக்காரர் விளக்கை அணைக்கச் சொல்லும்வரை அந்த யானையைப் பற்றிச் சண்டை போடலாம்.