ஈய எழுத்தும் தேசீய வாழ்வும்

அச்செழுத்தின் சரித்திரத்தை விளக்கும் கண்காட்சியொன்றைச் சமீபத்தில் பார்வையிட்டோம். தினந்தோறும் பத்திரிகை படிக்கும் நம்மவரில், அவ்வெழுத்து யார் கையால் உருப்பெற்றது என்று சிந்திப்போர் மிகச் சிலரே. தேசத் தொண்டில் ஈடுபட்டோர் அதை அறிந்திருப்பது அவசியம்.

எஃகுக் கோலின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துத் தாயச்சு செய்து, அதனுள் ஈயக் கலவையை உருக்கி வார்ப்பதே பழைய முறை. எழுத்தின் வளைவும் சுழியும் செதுக்குவோன் கைத்திறத்தைப் பொறுத்தவை. தமிழுக்கு முதன்முதல் அத்தொழிலை முன்னின்று நடத்தியவர்கள் அந்நியரே. கோவாவில் 1577-லும், கொல்லத்தில் 1578-லும் ஏசு சபைப் பாதிரிமார் வார்த்த எழுத்துக்களைக் கொண்டே, 16 பக்கமுள்ள ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் அச்சாயிற்று. பின்னர், ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்த தமிழெழுத்துக்கள் 1713-ல் தரங்கம்பாடி வந்தன. அவை உருவிற் பெரியவை; காகிதமோ கிடைத்தற்கரியது. ஆகவே அவ்வூரிலேயே சிற்றெழுத்துக்கள் வார்க்கப்பட்டு, புதிய ஏற்பாடு 1715-ல் முற்றுப்பெற்றது. அவர்கள் கருதியது மதப் பிரசாரம்; ஆயினும் தமிழுக்கு விளைந்த நன்மையை மறத்தல் நன்றியன்று.

1835-ல் அச்சுக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் நம்மவர் நடத்தும் அச்சுக்கூடங்கள் பெருகின. அப்பொழுதுதான் ஈயத்தின் வலிமை ராஜாங்கத்துக்குப் புலப்பட்டது. 1878-ல் சுதேச பாஷைப் பத்திரிகைகளை அடக்க ஒரு சட்டம் பிறந்தது. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அது பொருந்தாது! 1910-ஆம் வருஷச் சட்டமோ, புதிதாக அச்சுக்கூடம் வைப்போரிடம் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் கேட்டது. எழுதுவோனைச் சிறையிடுவது மட்டும் போதாது, எழுத்துக் கோப்போன் கையையும் கட்டவேண்டும் என்று அதிகாரிகள் கண்டுகொண்டனர். அத்தனை தடைகளையும் மீறியே சுதந்திரப் பேச்சு கிராமந்தோறும் பரவிற்று.

இன்று எழுத்தைக் கம்ப்யூட்டர் தருகிறது. பழைய எழுத்துக்கள் பல ஊர்களில் நிறுத்து விற்கப்பட்டு உருக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவற்றையேனும் ஊர் நூல்நிலையங்கள் தேடிப் பாதுகாக்கவேண்டும். தமிழ் வாலிபர்கள் எழுத்து வரையும் கலையை முறையாகப் பயிலவேண்டும். தமிழெழுத்தின் உருவை நிச்சயிக்கும் பொறுப்பைப் பிறரிடம் விட்டுவிடுவது சுதந்திர ஜனங்களுக்கு அழகன்று. பேச்சுரிமைக்குப் போராடிய நாட்டில் எழுத்தின் வடிவும் நம் கைவசமே இருத்தல் வேண்டும்.