பைக்கர் குடியிருப்பு

பைக்கர் குடியிருப்பு என்பது இங்கிலாந்தின் நியூகாசில் அப்பான் டைன் நகரில், பழைய தொழிலாளர் வீடுகளை இடித்துவிட்டுக் நகராட்சியால் கட்டப்பட்ட குடியிருப்புத் தொகுதியாகும். குடியிருப்போரின் கருத்தைக் கேட்டு வடிவமைக்கப்பட்ட முன்னோடித் திட்டங்களுள் இதுவும் ஒன்று. பெரும்பாலும் 1970களில் கட்டப்பட்டது.

கருத்துக் கேட்பு

1968 இல் இப்பணி, சுவீடனில் வாழ்ந்த பிரித்தானியக் கட்டடக் கலைஞர் ரால்ஃப் எர்ஸ்கினிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரது குழுவினர் பைக்கரிலேயே, முன்பு இறுதிச்சடங்கு நிறுவனம் இயங்கிய கட்டடத்தில் அலுவலகம் அமைத்தனர். அப்பகுதி மக்கள் அங்கு நேரில் சென்று வரைபடங்களைப் பார்க்கவும், குறைகளைக் கூறவும் முடிந்தது.

முதலில் ஜேனட் சதுக்கத்தில் 46 வீடுகள் சோதனை முயற்சியாகக் கட்டப்பட்டன. அவற்றில் குடியேற இருந்த குடும்பங்கள் வடிவமைப்பாளர்களுடன் கலந்துரையாடின. அதில் கிடைத்த அனுபவம் அடுத்த கட்டங்களில் பயன்பட்டது.

வடிவமைப்பு

வடக்கு எல்லையில் பைக்கர் சுவர் எனப்படும் நீண்ட அடுக்குமாடிக் கட்டடம் போக்குவரத்து இரைச்சலையும் குளிர்காற்றையும் தடுக்கிறது. அதன் உட்புறம் தோட்டங்களுடன் கூடிய தாழ்வான வீடுகள் உள்ளன.

விமர்சனம்

பழைய அயலவர் ஒன்றாகவே மீள்குடியேற வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கம். ஆனால், புதிய வீடுகள் கட்டப்பட்டதைவிட விரைவாகப் பழைய வீடுகள் இடிக்கப்பட்டன. இதனால் முன்பு வாழ்ந்தோருள் பெரும்பாலோர் வேறிடங்களுக்குச் சென்றுவிட்டனர். கருத்துக் கேட்பு வீடுகளின் அமைப்பில் பயன் தந்தபோதும், இடிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தவில்லை.

2007 இல் இக்குடியிருப்பு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.