கவரிங் நகையும் கழுத்துக் கடியும்

சாமத்தியவீடு, கல்யாணம் என்று ஏதாவது கொண்டாட்டம் முடிந்து இரண்டு நாட்களில் பிள்ளையின் கழுத்தைச் சுற்றிச் சிவந்து, தடித்து, கடிக்கத் தொடங்கும். "நாவூறு பட்டுவிட்டது" என்பார் அம்மம்மா. சாப்பாட்டில் இறால் சேர்ந்துவிட்டது என்பார் இன்னொருவர். அன்று போட்ட கவரிங் அட்டியலை மட்டும் எவரும் சந்தேகிப்பதில்லை. அதைக் கழற்றித்தான் இரண்டு நாளாகிவிட்டதே! நிக்கல் ஒவ்வாமையின் குணமே அதுதான். உலோகம் பட்டவுடன் அல்ல, ஒன்றிரண்டு நாட்கள் கழித்தே தலைகாட்டும்.

மலிவான நகைகளில் மேற்பூச்சின் கீழே நிக்கல் இருப்பதுண்டு. வியர்வை அதைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரைந்த நிக்கல் தோலினுள் புகுந்து புரதங்களுடன் ஒட்ட, எமது நோயெதிர்ப்புக் கலங்கள் அதை எதிரியெனப் பதிந்து வைத்துக்கொள்கின்றன. ஒருமுறை பதிந்தால் அநேகமாக ஆயுள் முழுவதும் அழியாது. எனவே காதுகுத்தும்போது போடும் முதல் தோட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். 22 கரட் தங்கத்தில் பொதுவாகச் செம்பும் வெள்ளியுமே கலக்கப்படுகின்றன. வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் இருக்கலாம்.

தோலில் நீண்டநேரம் படும் பொருட்கள் வாரத்துக்கு ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கலை வெளிவிடக்கூடாது என 1994இல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. ஊரிலிருந்து பெட்டியில் வரும் நகையை யார் அளந்து பார்க்கிறார்கள்?

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. டைமெதில்கிளையொக்சைம் என்ற பொருளின் கரைசலைப் பஞ்சில் தொட்டு நகையில் தேய்த்தால், நிக்கல் இருந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். நண்டு கொடுக்கால் பிடிப்பதுபோல உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் இத்தகைய பொருட்களைக் கீலேற்றுப் பதார்த்தங்கள் என்பர். இந்தச் சோதனைப் பொருளை அப்பொதேக்கவில் விசாரியுங்கள், இணையத்திலும் கிடைக்கும்.

அப்படியானால் நிக்கலைப் பிடிக்கும் ஒன்றைத் தோலிலேயே பூசினால் என்ன? இதே எண்ணத்தில், பொஸ்டனில் பணியாற்றிய இந்திய விஞ்ஞானி பிரவீன் குமார் வெமுலாவும் சகாக்களும் 2011இல் கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணக்கட்டிப் பொருளின் நுண்துகள்களைக் கிறீமில் கலந்து எலிகளில் பரிசோதித்தார்கள். துகள்கள் நிக்கலைத் தோலின் மேலேயே பிடித்துவைத்தன. ஆனால் இது தடுப்பு மட்டுமே. வந்துவிட்ட ஒவ்வாமையை அழிக்காது.

"உடம்பில் ஏறிய உலோகத்தை இறக்குகிறோம்" என்று ஊசிவழியே கீலேற்று மருந்து ஏற்றுவது வேறு விடயம். இங்கே எவராவது சொன்னால் ஏமாறாதீர்கள். நிக்கல் ஒவ்வாமை உடம்பில் விஷம் தேங்குவதால் வருவதல்ல. ஈடிரிஏ என்ற மருந்தின் ஒரு வகை இரத்தத்திலுள்ள கல்சியத்தையும் கவ்விக்கொள்ளும். அமெரிக்காவில் 2003க்கும் 2005க்கும் இடையில் இத்தகைய சிகிச்சையால் கல்சியம் குறைந்து மூவர் இறந்தனர். அவர்களில் இருவர் சிறுவர்.

கடி அடிக்கடி வந்தால் ஹவுட்ஆர்ஸ்ற்றிடம் எபிகுற்றான் பரிசோதனை கேளுங்கள். முதுகில் ஒட்டும் பிளாஸ்ரர்களை இரண்டு நாட்கள் நனைக்காமல் வைத்திருக்கவேண்டும். ஆகவே கொண்டாட்டம் இல்லாத வாரமாகப் பார்த்து ரேர்மின் எடுங்கள். போகும்போது அந்த அட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள்.