சக்கரமில்லாத் துவிச்சக்கரவண்டி

பெரும்பொழுதுகள் ஆறு என்றும், அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்றும் பல்லாண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வந்திருக்கிறேன். பனி என்று யான் சொல்லுங்கால் என் மனத்தில் எழுவது, கனமூலைத் தென்னந்தோப்பிலே விடியற்காலையில் ஓலை நுனியினின்றும் சொட்டும் நீர்த்துளியே. நிலத்தை மூடிக் கிடக்கும் பனியும், காலடியில் நொறுங்கும் பனியும் எனக்கு வெறுஞ் சொற்களாகவே இருந்தன. மாசி மாதமொன்றில் சுவிற்சர்லாந்தின் கிறிண்டெல்வால்ட் என்னும் மலையூரிற் சென்றிறங்கியபோது, கண்ணெதிரே விரிந்த வெண்மை பாலாவி உப்பளத்து உப்புக் குவியல்களையே நினைவூட்டிற்று. புத்தளத்தானுக்கு வேறென்ன தோன்றும்!

என்னை அங்கு அழைத்துச் சென்றவன் பேர்ண் நகரில் வாழும் என் தமக்கை மகன். "மாமா, நீங்களும் சறுக்க வேண்டும்" என்று அவன் சொன்னபோது நகைத்தேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் படிக்கட்டில் வழுக்கி வீழ்ந்தது முதல் என் வலது முழங்கால் என் சொற் கேட்பதில்லை. அன்றோடு துவிச்சக்கரவண்டியையும் விட்டேன். இளமை தொட்டுப் பள்ளிக்கு அதிலேயே சென்று வந்தவன் யான். அது திண்ணையிற் சாய்ந்த நாளிலேதான் முதுமை வந்ததென்று என் உள்ளம் குறித்துக்கொண்டது. இத்தகையோன் நெடும் பலகை இரண்டைக் காலிற் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் நிற்பதெங்ஙனம்? இரு காலையும் ஒரே பலகையிற் பிணித்துப் பக்கவாட்டில் விரைந்த இளைஞரைப் பார்க்கவே தலை சுற்றிற்று.

அவன் காட்டியதோ வேறொன்று. முழுவதும் மரத்தாலான ஒரு வண்டி. முன்னே கைபிடி, நடுவே இருக்கை, சக்கரம் இருக்க வேண்டிய ஈரிடத்தும் இரும்புப் பட்டம் பதித்த சறுக்குக் கட்டைகள். வெலோகெமெல் என்பது இதன் பெயர். வெலோ என்றால் சுவிஸ் நாட்டவர் வழக்கில் துவிச்சக்கரவண்டி. கெமெல் என்றால் அவ்வூர்ப் பேச்சில் சறுக்குவண்டி. கிறிஸ்டியான் பியூல்மன் என்ற உள்ளூர்த் தொழிலாளி 1911 ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் கால் ஊனமுற்றவர். பனிக்காலத்தில் ஊருக்குள் நடமாட இயலாத இடர்ப்பாட்டினாலேயே இதனை ஆக்கினார் என்பதைக் கேட்டதும், அதுவரை விளையாட்டுப் பொருளாகத் தோன்றிய அம் மரக்கட்டையை யான் பார்த்த பார்வை மாறிற்று. பின்னர் ஊரார் பலரும் அதனைத் தம் அன்றாட அலுவலுக்குக் கைக்கொண்டனர். இன்று அது பெரிதும் விளையாட்டே. 1996 முதல் உலகப் போட்டியே அங்கு நடைபெற்று வருகின்றது.

இதே எண்ணம் அமெரிக்காவில் 1892 இலேயே காப்புரிமை பெற்றிருந்தது. இக்காலத்தில் உலோகச் சட்டமும் அதிர்ச்சி தாங்கும் வில்லும் கொண்டு, சக்கரங்களுக்கு ஈடாகச் சறுக்குப் பலகைகள் பூட்டிய வண்டிகள் பல நாட்டுப் பனிமலைகளில் ஓடுகின்றன. சிலவற்றில் ஓட்டுநர் தம் கால்களிலும் சிறு பலகை அணிந்து நான்கு இடத்தில் நிலத்தைத் தொடுவர். உடற்பாரம் பெரிதும் இருக்கையிற் பொறுப்பதால் முழங்காலுக்கு வருத்தம் குறைவு. துவிச்சக்கரவண்டி ஓட்டிப் பழகியவர்க்குச் சமநிலையும் புதிதன்று. காலூன்றி நிற்கவே இயலாதார்க்கு அமர்ந்தபடி சறுக்கும் இருக்கைகளும் உள. மாற்றுத்திறனாளருக்கான குளிர்கால விளையாட்டு விழா 1976 இல் சுவீடனில் முதன்முதலாக நடந்தது என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

"அமர்ந்து செல்வது ஒரு சறுக்கா?" என்று மருமகனின் நண்பரொருவர் முறுவலித்தார். நீச்சல் தெரியாதவன் தோணியேறினால் அவன் களப்பைக் கடக்கவில்லை என்று சொல்வார் உண்டோ என்று கேட்க நினைத்தேன். விருந்தாளி என்பதால் வாளாவிருந்தேன்.

ஊருக்கு மேலுள்ள புசல்ப் என்னும் மேய்ச்சல் நிலம்வரை பேருந்து செல்கின்றது. ஆங்கிருந்து சறுக்கி வருவோர் பலர். யான் அவ்வளவு துணியவில்லை. ஊரையடுத்த சிறு சரிவே போதுமென்றேன். இவ்வண்டிக்குத் தடை என்று தனியே ஒன்று இல்லை. காலணியின் குதியைப் பனியில் அழுத்துவதே தடை. இதனை மருமகன் மும்முறை சொல்லியும், முதல் ஓட்டத்தில் இரு காலையும் உயர்த்திவிட்டேன். வண்டி ஒரு பக்கமும் யான் ஒரு பக்கமுமாக வீழ்ந்தோம். "மாமா!" என்று அவன் ஓடி வந்த குரலில், என் தமக்கைக்கு என்ன விடை சொல்வது என்ற அச்சமே மிகுதியாக ஒலித்தது. முழங்காலைத் தடவிப் பார்த்தேன். பழைய வலியன்றிப் புதியதொன்றும் இல்லை. பனி மெத்தென்றிருந்தது. எனினும் இறுகிய பனியில் இவ்வாறு வீழ்தல் நகைப்புக்குரியதன்று. தலைக்கவசமின்றி எவரும் ஏறலாகாது.

இரண்டாம் முறை குதிகள் நிலம் உரச மெல்ல இறங்கினேன். சிறிது தொலைவில் கை தானே வளைவை அறிந்தது. உடல் தானே சாய்ந்தது. ஐந்தாண்டு மறந்திருந்த ஓட்டம்! எதிரே 3,967 மீற்றர் உயர்ந்த ஐகர் சிகரம் நின்றதாம். யான் அதனைப் பார்க்கவில்லை. முன்கட்டையின் நுனியை மட்டுமே பார்த்தேன். அன்று மாலைவரை எத்தனை முறை ஏறி இறங்கினேன் என்று கேட்டால் வெட்கமாயிருக்கும்.

இதற்குத் தமிழில் என்ன பெயரிடுவது என்பது திரும்பும் வழியெல்லாம் என்னை வருத்திற்று. துவிச்சக்கரவண்டி என்னலாகாது, சக்கரம் இல்லை. மிதிவண்டியும் அன்று, மிதிப்பதற்கு ஒன்றுமில்லை. ஈருருளி என்றாலும் அதே குற்றம். ஏறிச் செலுத்துதலை ஊர்தல் என்பது நம் பழைய வழக்காதலின் சறுக்கூர்தி என்று வைத்துக்கொண்டேன். மருமகன் மட்டும் 'சைக்கிள்' என்றே சொல்கிறான்.

ஊர் திரும்பியபின் அதன் புகைப்படத்தை எங்களூர்த் தச்சரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் நோக்கி, "முதிரையில் செய்யலாம் சேர். எங்கே ஓட்டப் போகிறீர்கள்?" என்றார். கற்பிட்டி மணல்மேட்டிலே என்றேன். இரும்புப் பட்டத்தின்மேல் விரலை வைத்துத் தலையசைத்தார்.

"இது மணலில் புதைந்துபோகும். நாம் சின்ன வயதில் சறுக்கிய தென்னை மட்டைதான் அதற்குச் சரி."