குறைவாக ஓடும் குடும்ப மகிழுந்தின் பராமரிப்பு

என்ஜினுக்கு முன்னால் ஒரு பெட்டி, பயணிகளுக்கு நடுவில் ஒரு பெட்டி, சாமான்களுக்குப் பின்னால் ஒரு பெட்டி என மூன்று பகுதிகளாகப் பிரிந்து தெரியும் மகிழுந்து (கார்) செடான் எனப்படுகிறது. பின்பெட்டியைத் தமிழ்நாட்டில் டிக்கி என்பர். நான்கு அல்லது ஐந்து பேர் கொண்ட குடும்பம் பெட்டி படுக்கையுடன் வெளியூர் செல்ல ஏற்ற வடிவம் இது. இத்தகைய வண்டிகளில் பல ஆண்டு முழுவதும் மிகக் குறைவான தூரமே ஓடுகின்றன. அதனால் ஏற்படும் பழுதுகளையும் அவற்றைத் தவிர்க்கும் முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

இந்தியாவில் நீண்ட காலம் குடும்ப மகிழுந்து என்றாலே அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும்தான். இரண்டும் செடான்களே. 1990களின் இறுதியில் தமிழ்நாடு செடான் உற்பத்தியில் முக்கிய இடம் பெற்றது. 1998இல் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சரும், 1999இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆக்சென்ட்டும், அதே ஆண்டில் மறைமலை நகரில் ஃபோர்டு ஐகானும் வெளிவந்தன. 2006ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில், நான்கு மீட்டருக்குட்பட்ட சிறிய மகிழுந்துகளுக்கான உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. டிக்கியைச் சுருக்கி நான்கு மீட்டருக்குள் அடக்கிய செடான்கள் இதன் விளைவாகவே பிறந்தன. 2008இல் நான்கு மீட்டருக்கு மேல் நீளத்துடன் வந்த மாருதி டிசையர், 2012இல் பின்புறம் குட்டையாகி மறுபடி வந்ததற்கும் இந்த வரியே காரணம். அழகு குறைந்தது என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் வண்டி நன்றாக விற்றது.

கிலோமீட்டரா, மாதமா?

மகிழுந்துடன் தரப்படும் கையேட்டில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு எண்கள் இருக்கும். 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்பது போல அது அமையும். பெரும்பாலான உரிமையாளர்கள் முதல் எண்ணை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்கின்றனர். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் குடும்பங்களில் வண்டி மாதத்தில் நான்கைந்து முறை கடைத்தெருவுக்கும் மருத்துவமனைக்கும் போய் வரும். ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர்கூட ஓடாது. "வண்டியே ஓடவில்லை, சர்வீஸ் எதற்கு?" என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. டயரின் ரப்பர், பிரேக் திரவம், பேட்டரி, கூலண்ட் ஆகியவை ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதுமை அடைபவை. அவற்றுக்கு இரண்டாவது எண்ணே பொருந்தும்.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. இப்படி நின்றே கிடக்கும் வண்டிதான் கோடை விடுமுறையில் பிள்ளைகள், பேரக்குழந்தைகள் என முழுச் சுமையுடன் ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்புகிறது. ஆண்டில் மிகக் குறைவாக உழைத்த வண்டிக்கு, ஒரே நாளில் மிகக் கடுமையான வேலை தரப்படுகிறது.

பிரேக் திரவம்

பேச்சுவழக்கில் பிரேக் ஆயில் எனப்பட்டாலும் இது எண்ணெய் அன்று. கிளைக்கால் வகை வேதிப்பொருள்களால் ஆனது. (எண்ணெய் என்று நம்பி இதனுடன் என்ஜின் ஆயிலை ஊற்றினால் பிரேக்கில் உள்ள ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும்.) காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வது இத்திரவத்தின் இயல்பு. மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு நீர்த்துப் போவதைப் போல, ரப்பர் குழாய்கள் வழியாகவும் மூடியின் வழியாகவும் நுழையும் ஈரம் ஆண்டுக்கணக்கில் அதில் சேர்கிறது.

ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கும். டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியசிலும், டாட் 4 வகை 230 டிகிரியிலும் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் இவற்றுக்குரிய குறைந்த அளவுகள் முறையே 140, 155 டிகிரிகளே. ஊருக்குள் ஓட்டும்போது இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. பிரேக் அவ்வளவு சூடாவதில்லை.

மலை இறக்கத்தில் நிலைமை வேறு. ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. முழுச் சுமையுடன் இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால், தட்டுகளின் சூடு திரவத்துக்கு ஏறி, அதிலுள்ள நீர் ஆவியாகிறது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது; அதனால்தான் மிதியில் காலை வைத்தவுடன் அந்த விசை சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஆவியை அழுத்தினால் சுருங்கிவிடும். எனவே மிதி பஞ்சு போல அடிவரை இறங்கும், வண்டி நிற்காது.

அப்படி நேர்ந்தால் மிதியைத் திரும்பத் திரும்ப வேகமாக அழுத்த வேண்டும். கியரை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். கம்பியால் இயங்கும் கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். வண்டியைப் பள்ளத்துப் பக்கம் விடாமல் மலையை ஒட்டி ஒதுக்க வேண்டும். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால், ஆவி மீண்டும் திரவமாகி, பிரேக் பழையபடி பிடிக்கும். இதுதான் உண்மையான ஆபத்து. "இப்போது சரியாகிவிட்டதே" என்று அதே திரவத்துடன் மீண்டும் கிளம்புவோர் உண்டு.

தடுக்கும் வழி எளிது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை திரவத்தை முழுவதுமாக மாற்றச் சொல்லும் கையேடுகளே அதிகம். குறைந்த அளவை நிரப்பிவிடுவது மாற்றுவதாகாது. பழையது சக்கரங்களுக்கு அருகில் அப்படியே தங்கிவிடும். பேனா போன்ற சிறு கருவியால் ஈரத்தின் அளவைப் பார்க்கும் வசதி பல பட்டறைகளில் உண்டு. திரவத்தின் விலை சில நூறு ரூபாய்தான். ஓட்டும் முறையும் முக்கியம். எந்த கியரில் மலை ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் வழக்கம். என்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும். எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்குவது தற்கொலைக்கு ஒப்பானது.

டயர்

டயரின் பூவை மட்டும் பார்த்து "இன்னும் 20,000 ஓடும்" என்று சொல்வது பாதி உண்மை. பூ 1.6 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பதைக் காட்ட, பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். குறைவாக ஓடும் வண்டியில் அந்த நிலை வருவதற்கு முன்பே ரப்பர் இறுகி, பக்கவாட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றிவிடும். வெயிலில் நிற்கும் வண்டிகளில் இது விரைவாக நடக்கும்.

டயரின் வயதை அறிவது எளிது. பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துகளுடன் தொடங்கும் குறியீட்டின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஒரு பக்கத்தில் இந்த இலக்கங்கள் இல்லாவிட்டால் மறுபக்கத்தில் இருக்கும். ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் கடைக்காரரிடம் காட்டுவதும், பத்து ஆண்டு ஆனதைப் பூ இருந்தாலும் கழற்றிவிடுவதும் பொதுவாகத் தரப்படும் அறிவுரை. புது டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்து வாங்கலாம். டிக்கிக்குள் கிடக்கும் ஸ்டெப்னியை யாரும் நினைப்பதில்லை. அதற்கும் அதே வயதுதான்.

காற்றின் அளவு ஓட்டுநர் கதவை ஒட்டிய ஒட்டுத்தாளில் இருக்கும். முழுச் சுமைக்குத் தனி அளவு தரப்பட்டிருந்தால் வெளியூர்ப் பயணத்துக்கு அதையே வைக்க வேண்டும். டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதே சரியான அளவு.

பேட்டரி

நிறுத்தி வைத்த வண்டியும் மின்சாரம் செலவழிக்கிறது. கடிகாரம், ரிமோட் பூட்டு, எச்சரிக்கை மணி ஆகியவை சேர்ந்து 30 மில்லியாம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, முப்பது நாளில் ஏறத்தாழ 21.6. சிறிய செடான்களில் உள்ள பேட்டரி 35 ஆம்பியர்-மணி அளவுடையது என்றால், ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் காலியாகிவிடும். காலியான நிலையிலேயே கிடக்கும் ஈயப் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகுகிறது; பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது நல்ல பழக்கம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரத்துக்கு மேல் அதனால் பெரிதாக எதுவும் சேராது. என்ஜினுக்கும் அது கெடுதி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறும். சிறு பகுதி பிஸ்டனைக் கடந்து ஆயிலில் கலக்கும். என்ஜின் நன்றாகச் சூடானால் அந்த நீரும் ஆவியாகிவிடும். அரைகுறையாகச் சூடேறி நிறுத்தப்படும் வண்டியில் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் வெண்ணெய் போன்ற படலம் தெரிந்தால் பெரும்பாலும் இதுவே காரணம். அதனுடன் கூலண்டும் குறைந்துகொண்டே வந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். வாரம் ஒரு முறை அரைமணி நேரம் சாலையில் ஓட்டினால் பேட்டரி, ஆயில், பிரேக் தட்டு மூன்றுக்கும் நல்லது. அதற்கு ஆள் இல்லாத வீடுகளில், மாதக்கணக்கில் நிறுத்தும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைக்கலாம்.

கூலண்ட்

ரேடியேட்டரில் இருப்பது வெறும் தண்ணீர் அன்று. அதில் கலந்துள்ள எத்திலீன் கிளைக்கால் கொதிநிலையை உயர்த்துகிறது. உடன் சேர்த்த வேதிப்பொருள்கள் துரு பிடிக்காமல் காக்கின்றன. தமிழ்நாட்டில் பனிக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று சொல்லி ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால், வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவது போன்ற வெள்ளை உப்பு ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

மழைநீர்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான மகிழுந்துகள் நீரில் மூழ்கின. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் முன்கூட்டியே வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தியது அந்த அனுபவத்தால்தான். செடான் தரையை ஒட்டி நிற்கும் வண்டி. காற்று உள்ளிழுக்கும் குழாய் வழியே நீர் புகுந்துவிட்டால், பிஸ்டனால் அதைச் சுருக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். நீரில் மூழ்கி நின்ற வண்டியை "பார்ப்போம்" என்று ஒரு முறை ஸ்டார்ட் செய்வதே பெரும்பாலும் பெரிய செலவுக்குக் காரணமாகிறது. அப்படி ஸ்டார்ட் செய்ததால் வந்த என்ஜின் சேதத்தைச் சாதாரண முழுக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. அதற்கெனத் தனியாக என்ஜின் பாதுகாப்பு இணைப்பு எடுத்திருக்க வேண்டும். பேட்டரியைத் துண்டித்து, இழுவை வண்டியை அழைப்பதே சரி.

ஆவணங்கள்

மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான கட்டணச் சலுகை 20 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை உயரும். காப்பீடு முடிந்து 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் அது பறிபோகும். ஓடாத வண்டிதானே என்று விட்டுவிடும் குடும்பங்கள் இச்சலுகையை இழக்கின்றன. புகைச் சான்றிதழ் புது வண்டிக்கு முதல் ஓராண்டு தேவையில்லை. பதிவுச் சான்று 15 ஆண்டு செல்லும். அதன்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் நீதிமன்ற ஆணைகளால் வந்த கட்டுப்பாடு தமிழ்நாட்டுக்குப் பொருந்துவதாகப் பலர் தவறாக எண்ணி, நல்ல நிலையிலுள்ள வண்டியை அவசரமாக விற்றுவிடுகின்றனர்.

அவ்வாறு விற்பனைக்கு வரும் வண்டிகளின் விளம்பரத்தில் "பத்து வருடம், 25,000 கிலோமீட்டர் மட்டுமே" என்ற வரி அடிக்கடி காணப்படும். வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியவை டயரின் நான்கு இலக்க எண், பிரேக் திரவம் கடைசியாக மாற்றிய தேதி, பேட்டரியின் வயது ஆகியவை. ஆக்சென்ட், எஸ்டீம் போன்ற பழைய வண்டியானால் டைமிங் பெல்ட் எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். ரப்பரால் ஆன அதுவும் நின்ற இடத்திலேயே மூப்படையும். அறுந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும், சில என்ஜின்களில் வால்வுகளும் வளைந்துவிடும்.