ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வா? கேள்வி கேட்ட பெற்றோர்கள்



"பரீட்சைன்னு வச்சா புள்ள எழுதத்தானே வேணும், நாம என்ன சொல்ல முடியும்?" என்று கூட்டங்களில் கேட்கிறீர்கள். சொல்ல முடியும். அப்படிப் பலர் சொன்னதால் ஒரு பரீட்சையே நின்றிருக்கிறது.

2009-ம் வருட கல்வி உரிமைச் சட்டம், 8-ம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் ஃபெயிலாக்கி அதே வகுப்பில் நிறுத்தக்கூடாது என்றது. 2019-ல் மத்திய அரசு இதைத் திருத்தியது. 5, 8-ம் வகுப்புகளில் தேர்வு வைக்கலாம்; தோற்றால் இரண்டு மாதத்தில் மறுதேர்வு; அதிலும் தோற்றால் நிறுத்துவதா என்பதை மாநில அரசு முடிவு செய்யலாம் என்றது. அதே வருடம் செப்டம்பரில் தமிழக அரசு இந்த இரண்டு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு அறிவித்தது. பெற்றோர்கள், ஆசிரியர் சங்கங்கள், கட்சிகள் எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரி 4-ல் அரசு அதை ரத்து செய்தது.

ஏன் எதிர்த்தார்கள்? பத்து வயதுப் பிள்ளைக்கு 'ஃபெயில்' என்று பெயர் வைத்தால் அது படிப்பையே விட்டுவிடும் என்ற பயம்தான். முக்கூடல், சேரன்மகாதேவி பக்கம் பீடி சுற்றும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். "ஒனக்குப் படிப்பு ஏறல, தட்டை எடு" என்று பெண்பிள்ளையிடம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் 2015-ல், 3 முதல் 8-ம் வகுப்பு வரை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளை மாநிலத் தேர்வை எழுதவில்லை. "எங்க பிள்ளை எழுதாது" என்று பெற்றோரே சொல்லிவிட்டார்கள். நாம் அப்படித் தனியாகப் பிள்ளையை வீட்டில் நிறுத்த வேண்டாம். 10, 12-ம் வகுப்புத் தேர்வை விட்டால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். எல்லாத் தேர்வும் ஒன்றும் இல்லை. 2024 டிசம்பர் 4-ல் நாடு முழுவதும் 3, 6, 9-ம் வகுப்புகளில் நடந்த ஆய்வில் பாஸ், ஃபெயில் கிடையாது. படிப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் அது. அதற்குப் பயப்பட வேண்டாம்.

2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையும் 8-ம் வகுப்பு வரை நிறுத்துவதில்லை என்றே சொன்னது. ஆனால் ஃபெயில் இல்லை என்று நாம் சும்மா இருந்துவிடக்கூடாது. வாசிக்கத் தெரியாமல் 9-ம் வகுப்புக்குப் போன பிள்ளை அங்கே திணறும்.

அதைக் கேட்கும் இடம் பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் கேளுங்கள்:

1. எங்க பிள்ளை தமிழ் வாசிக்குதா, கணக்கு போடுதா?
2. இந்தத் தேர்வு எதுக்கு? மார்க் குறைஞ்சா பிள்ளைக்கு என்ன உதவி செய்வீங்க?
3. ஆசிரியர் இடம் காலியா இருக்கா?

கிடைத்த பதிலைக் குழுவின் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். ஒருத்தி கேட்டால் புலம்பல். குழுவாகக் கேட்டால் பதில் சொல்லியே ஆகணும்.