கோடு ஏறினால் குலை நடுங்க வேண்டுமா?

வீட்டில் எழுதி வைக்கும் பிளட் பிரஷர் கணக்கைப் படிப்பது எப்படி?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எந்தப் பக்கம் போனாலும், பெரியவர்கள் இருக்கும் பல வீடுகளில் இப்போது பிளட் பிரஷர் மெஷின் ஒன்று இருக்கிறது. அயல்நாட்டிலிருந்து பிள்ளை வாங்கி வந்ததாக இருக்கும். இல்லாவிட்டால் பக்கத்து மருந்துக் கடையில் வாங்கியதாக இருக்கும். கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் எண் வந்துவிடுகிறது. சில மெஷின்கள் செல்போனில் கிராஃப் கூடப் போட்டுக் காட்டுகின்றன.

சரி, மெஷின் வந்த பிறகு வீட்டில் நிம்மதி வந்ததா? அதுதான் இல்லை! "நேத்து 124 தானே இருந்தது, இன்னிக்கு 146 ஆயிடுத்தே!" என்று காலைக் காபியோடு கவலையும் ஆரம்பமாகிவிடுகிறது. கோடு மேலே போனால் மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக் கொள்கிறவர்கள் உண்டு. கீழே வந்தால், "அதான் சரியாயிடுத்தே" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்து. மெஷின் மேல் குற்றமில்லை. அது காட்டும் கோட்டைப் படிக்கத் தெரிந்து கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இது ஏதோ நாலு வீட்டு விஷயம் என்று நினைக்காதீர்கள். நம் கோபாலபுரத்திலுள்ள மெட்ராஸ் டயபடிஸ் ரிஸர்ச் ஃபவுண்டேஷன், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. வயது வந்தவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இரத்த அழுத்தம் இருப்பதாக அது சொல்கிறது. அப்படியானால் மூன்று பேரில் ஒருவர்!

எண் ஏன் ஆடுகிறது?

இரத்த அழுத்தம் சுவரில் அடித்த ஆணி அல்ல, ஒரே இடத்தில் நிற்பதற்கு. தூங்கும்போது இறங்கும், விடிந்ததும் ஏறும். மாடிப்படி ஏறினால் ஏறும். ஃபில்டர் காபி குடித்தால், கோபம் வந்தால், சிறுநீரை அடக்கிக் கொண்டு உட்கார்ந்தால், அளக்கும்போது வாய் ஓயாமல் பேசினால், எல்லாவற்றுக்கும் ஏறும். டாக்டரைப் பார்த்தாலே ஏறுகிறவர்கள் கூட இருக்கிறார்கள். ஆரோக்கியமாக இருப்பவருக்கும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு. ஆகவே ஒரு நாள் வந்த ஓர் எண்ணை வைத்துக் கொண்டு நல்லது கெட்டது சொல்ல முடியாது.

இளம் தாய்மார்களுக்கு இது புதிய பாடமே இல்லை. குழந்தையின் எடையைக் குறிக்கும் அட்டையைப் பார்த்திருப்பீர்களே! 1980-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், கிராமத்துக் குழந்தைகளை மாதா மாதம் நிறுத்து அட்டையில் புள்ளி வைத்தார்கள். கோடு எந்தத் திசையில் போகிறது என்று பார்த்துத்தான் எந்தக் குழந்தைக்குக் கூடுதல் சத்துணவு தேவை என்று முடிவு செய்தார்கள். ஒரு மாதம் சளி பிடித்துக் கால் கிலோ குறைந்தால் தாய் கலங்குவாள். ஆனால் அடுத்தடுத்த மாதங்களின் புள்ளிகளையும் பார்த்துத்தான் டாக்டர் பேசுவார். தாத்தாவின் பிரஷர் கோட்டுக்கும் அதே நியாயம்தான்.

மேல் மாடியும் கீழ் மாடியும்

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரே கட்டடத்தில் மேல் மாடியில் ஒரு தாத்தா, கீழ் மாடியில் ஒரு பாட்டி என்று வைத்துக் கொள்ளுங்கள். மெஷினில் வரும் இரண்டு எண்களில் மேல் எண்ணை மட்டும் இப்போது எடுத்துக் கொள்வோம்.

தாத்தாவுக்குத் திங்கள் முதல் ஞாயிறு வரை: 141, 128, 136, 126, 152, 127, 130.

பாட்டிக்கு: 137, 138, 136, 139, 137, 138, 137.

கிராஃப் போட்டால் தாத்தாவின் கோடு மலையும் பள்ளமுமாக இருக்கும். வெள்ளிக்கிழமை 152 வந்ததுமே வீடு அமர்க்களப்படும். பாட்டியின் கோடோ இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு மாதிரி நேராக இருக்கும். "பாட்டிக்கு ஒண்ணும் இல்லை" என்று எல்லாரும் சொல்வார்கள்.

இனி கணக்குப் போடுவோம். முதல் நாள் பதற்றத்தில் எண் கூடுவது சகஜம் என்பதால் அதை விட்டுவிட வேண்டும். மீதி ஆறு நாளைக் கூட்டி ஆறால் வகுத்தால், தாத்தாவுக்கு 133 சொச்சம். பாட்டிக்கு 137½. வீட்டில் அளக்கும்போது சராசரி 135/85-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. (டாக்டரிடம் அளந்தால் 140/90.) பார்த்தீர்களா? ஊரைக் கூட்டிய தாத்தா எல்லைக்குள் இருக்கிறார். சத்தமில்லாமல் இருந்த பாட்டிதான் எல்லையைத் தாண்டியிருக்கிறார்! டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது பாட்டியின் கணக்கைத்தான். தாத்தாவும் எல்லைக்கு அருகில்தான் இருக்கிறார். அவர் கணக்கையும் எடுத்துப் போக வேண்டியதுதான், ஆனால் பதறிக் கொண்டு அல்ல.

இந்த மயக்கம் நமக்கு மட்டும் வருவதல்ல. அமெரிக்காவில் மிஸௌரி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2020-ல் எழுதினார்கள். எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதே பார்ப்பவர்களின் தீர்ப்பை மாற்றிவிடுகிறதாம். புள்ளிகளுக்கு நடுவே சராசரியைக் காட்டும் வழவழப்பான கோடு ஒன்றைப் போட்டுக் காட்டினால் தெளிவு வருகிறதாம்.

கிராஃப் செய்யும் கண்கட்டு வித்தை

செல்போன் கிராஃபில் ஓரத்தில் உள்ள எண்களை முதலில் பாருங்கள். 120-லிருந்து 150 வரைக்கும்தான் கட்டம் என்றால், சின்ன ஏற்றம் கூடச் செங்குத்து மலையாகத் தெரியும். அதே புள்ளிகளை 0-விலிருந்து 200 வரை உள்ள கட்டத்தில் போட்டால் சமவெளியாகிவிடும். உடம்பு ஒன்றுதான், கட்டம்தான் வேறு.

இன்னொன்று, நேரம். ஒரு நாள் காலையில், மறுநாள் மத்தியானம், அதற்கு மறுநாள் ராத்திரி என்று அளந்துவிட்டுப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் அதற்கு அர்த்தமே இல்லை. காலைக்குக் காலை, மாலைக்கு மாலை ஒப்பிட வேண்டும்.

சரியாக அளக்க

* காபி, வெற்றிலை-புகையிலை, சிகரெட், நடைப்பயிற்சி முடிந்து அரை மணி கழித்து அளக்கவும்.
* பாத்ரூம் போய்விட்டு வந்து, நாற்காலியில் முதுகு சாய்ந்து ஐந்து நிமிஷம் சும்மா உட்காரவும். பாதம் தரையில் பதிய வேண்டும். கால் மேல் கால் கூடாது.
* கையை மேஜை மேல், மார்பு மட்டத்தில் வைக்கவும். பட்டை வெறும் கையில் சுற்றப்பட வேண்டும். சட்டைக் கை, ரவிக்கைக் கை மேல் அல்ல. பருமனான கைக்குச் சின்னப் பட்டை போட்டால் எண் பொய்யாகக் கூடும்.
* அளக்கும்போது பேச்சு, டெலிவிஷன், செல்போன் எதுவும் வேண்டாம்.
* காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, நடுவில் ஒரு நிமிஷம் விட்டு அளக்கவும். டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் ஏழு நாள் இப்படி எழுதினால் போதும். மணிக்கு ஒரு தரம் அளந்து பயப்பட வேண்டாம்.
* நோட்டில் எண்ணோடு காரணத்தையும் எழுதவும்: "கல்யாண வீட்டுச் சாப்பாடு", "ராத்திரி தூக்கமில்லை", "மாத்திரை மறந்தது". டாக்டருக்குக் கோட்டை விட இந்தக் குறிப்புகள் அதிகம் சொல்லும்.

சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டர் வேறு எல்லை வைத்திருக்கலாம். அதைக் கேட்டுக் கிராஃபில் ஒரு சிவப்புக் கோடாகப் போட்டு வையுங்கள்.

கர்ப்பிணிகளுக்குத் தனிக் கணக்கு

இதை மட்டும் இரண்டு தரம் படியுங்கள். ஏழு நாள் சராசரி பார்த்துக் கொண்டிருப்பது கர்ப்பிணிகளுக்குப் பொருந்தாது. 140/90 வந்தால் சற்று ஓய்வெடுத்து மறுபடி அளந்து, அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். 160/110 என்றால் உடனே ஆஸ்பத்திரி. விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது ஆகியவை இருந்தால் எண்ணைப் பார்த்துக் கொண்டிருக்கவே கூடாது. பிரசவமாகி ஆறு வாரம் வரை கூட இந்தத் தொல்லை வரலாம். "குழந்தை பிறந்தாச்சு, இனிமே என்ன" என்று இருந்துவிடாதீர்கள்.

எப்போது ஓட வேண்டும்?

மற்றவர்களுக்கு 180/120-ஐத் தொட்டால், ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார வைத்து மறுபடி அளக்கவும். மறுபடியும் அப்படியே இருந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும். கூடவே மார்வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப் போதல் இருந்தால் 108-க்குப் போன் செய்யுங்கள். மற்றபடி நீங்களாகக் கூடுதல் மாத்திரை கொடுக்காதீர்கள். அழுத்தம் தடாலென்று விழுந்தாலும் கெடுதல்தான்.

கோடு பல வாரம் நல்லபடியாக இருந்தால்? அது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மாத்திரை தேவையில்லை என்பதற்கு அல்ல. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, எண் ரொம்ப இறங்குகிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். மாற்றுவதோ குறைப்பதோ அவர் வேலை.

நம் வேலை வேறு இருக்கிறது. சமையலில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு ஒரு சின்ன ஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள், அடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாய், அப்பளம், வடாம், மோர் மிளகாயில் இருக்கும் உப்பும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்! அதைக் குறையுங்கள். நாகேஸ்வர ராவ் பூங்காவோ, நடேசன் பூங்காவோ, பெசன்ட் நகர் கடற்கரையோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே பெரியவர்களை நடக்க அழைத்துப் போங்கள். இன்றைய புள்ளி மாறாவிட்டாலும், மூன்று மாதத்தில் சராசரி மாறுவதை உங்கள் நோட்டே சொல்லும்.